திரும்பி வரும் ரத்தம்

1

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றைக்கும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து மெட்ராஸைச் சுற்றியிருந்த கிராமங்களைக் காலி செய்தன. பசியோடு நகரத்துக்கு ஓடி வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் இந்த மருத்துவமனையின் வேர். கஞ்சிக்கு வந்தவன் நோயோடும் வந்தான். சத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தியம் வந்தது, பிறகு மருத்துவப் பள்ளி வந்தது, 1938ல் அது கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரில் மருத்துவக் கல்லூரி ஆனது.

இந்த ஆஸ்பத்திரிக்கு யார் வந்தார்கள் என்று பார்த்தாலே வடசென்னையின் தொழில் வரலாறு தெரிந்துவிடும். 1856ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. 1948ல் எண்ணூரில் பிற்காலத்து அசோக் லேலண்ட், 1955ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு, அதன் பிறகு எம்.ஆர்.எஃப். டயர், மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு, எண்ணூரில் அனல்மின் நிலையம். 1983ல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம், 2001ல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம். ஒவ்வொன்றும் சம்பளம் கொடுத்தது. கூடவே தனக்கென்று ஒரு வகைக் காயத்தையும் கொடுத்தது.

காயத்துக்கு ஏற்ற மாதிரி வைத்தியமும் வளர்ந்தது. மெஷினில் விரல் போன, கை நசுங்கிய தொழிலாளிகள் வந்துகொண்டே இருந்த ஊரில்தான், ஸ்டான்லியில், டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கென்றே ஒரு துறையைக் கட்டி எழுப்பினார். நாடு முழுக்கப் பேசப்பட்ட துறை அது. கை நசுங்கினால் கண்ணுக்குத் தெரியும். ரத்தம் தரையில் சொட்டும். பக்கத்து மெஷின்காரர் துண்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்.

இந்தக் கட்டுரை அப்படிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு காயத்தைப் பற்றியது. அதில் ரத்தம் வெளியே வராது. அடிபட்ட அன்றைக்கு ஒன்றும் ஆகாது. சில வாரம் கழித்து ஆள் மாறுவார். ஆபரேஷன் செய்து ரத்தத்தை எடுத்த பிறகும், சிலருக்கு அது திரும்பி வந்து அதே இடத்தில் உட்காரும். மருத்துவர்கள் அதை 'கிரானிக் சப்டியூரல் ஹெமட்டோமா' என்பார்கள். வார்டில் சொல்லும்போது சுருக்கமாக: "மண்டைக்குள்ள பழைய ரத்தம் கட்டியிருக்கு."

2

மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் உறைகள் இருக்கின்றன. வெளியே இருப்பது தடித்த தோல் மாதிரியான டியூரா. அதற்குக் கீழே மெல்லிய இன்னொரு உறை, அதற்கும் கீழே மூளை. மூளையின் மேற்பரப்பிலிருந்து டியூராவுக்குச் சின்னச் சின்ன ரத்த நாளங்கள் பாலம் போலப் போகின்றன. வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும், ஓடு சுருங்காது. இடைவெளி கூடும்போது அந்தப் பாலங்கள் இழுபட்டு விறைத்து நிற்கும். வருடக்கணக்கில் குடிப்பவர்களுக்கு இந்தச் சுருக்கம் சீக்கிரமே வந்துவிடும்.

இந்த நிலையில் பெரிய அடி தேவையில்லை. பாத்ரூமில் வழுக்குவது, லாஞ்சிலிருந்து கரையில் இறங்கும்போது கால் தடுக்குவது, ஷேர் ஆட்டோ பிரேக் போடும்போது கம்பியில் தலை இடிப்பது, இவையெல்லாமே போதும். ஒரு பாலம் லேசாகக் கிழியும், கொஞ்சம் ரத்தம் கசியும். ஆள் எழுந்து, தலையைத் தேய்த்துக்கொண்டு, டீ குடிக்கப் போய்விடுவார்.

மூன்று வாரமோ இரண்டு மாதமோ கழித்து வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். "நைனா ஒரு மாதிரியா இருக்காரு. செருப்பு ஒரு கால்ல கழண்டு வுழுந்தாக்கூடத் தெரியல." "சாப்ட்டது மறந்துட்டு மறுபடியும் சோறு கேக்குறாரு." "வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான்." இந்தக் கடைசி வாக்கியம்தான் ஆபத்து. ஒரு பக்கம் கை கால் சோர்ந்தால் பக்கவாதம் என்பார்கள், மறதி வந்தால் வயசு என்பார்கள், நடை தள்ளாடினால் குடி என்பார்கள். கீழே விழுந்தது யாருக்கும் ஞாபகம் இருக்காது. பல சமயம் விழுந்தவருக்கே ஞாபகம் இருக்காது.

3

மருத்துவ உலகமும் இந்த நோயை இருநூற்றைம்பது வருஷமாக வேறு எதுவாகவோதான் நினைத்துக்கொண்டிருந்தது. 1657ல் சுவிட்சர்லாந்தின் யோஹான் யாகோப் வெப்ஃபர், திடீரென்று சாய்ந்து இறந்தவர்களின் மண்டையைத் திறந்து பார்த்தபோது உறைக்குக் கீழே ரத்தப் பை ஒன்றைக் கண்டு எழுதி வைத்தார். அவர் பார்வையில் அது ஒரு வகைப் பக்கவாதம்.

இருநூறு வருஷம் கழித்து, 1857ல், ஜெர்மனியின் ருடால்ஃப் விர்ஷோ அதை மூளையுறையின் அழற்சி என்றார். உறை முதலில் வீங்குகிறது, அதில் புது நாளங்கள் முளைக்கின்றன, அவை கசிகின்றன என்பது அவர் கணக்கு. விர்ஷோ சொன்னால் அன்றைக்கு அது சட்டம். அரை நூற்றாண்டுக்கு மேல் இதை மனநோய் விடுதிகளில் காணப்படும் உறை வியாதியாகவே பார்த்தார்கள்.

1914ல் லண்டன் அறுவை மருத்துவர் வில்ஃபிரட் டிராட்டர் கதையைத் திருப்பிப் போட்டார். இது அடிபட்டதால் வருவது, பழைய சின்ன அடியை நோயாளி மறந்திருப்பார், கிழிந்தது அந்தப் பால நாளங்கள் என்றார். நோய் மனநல விடுதியிலிருந்து அறுவை அரங்குக்கு இடம் மாறியது. 1925ல் பட்னமும் ஹார்வி குஷிங்கும் எழுதிய கட்டுரையோடு 'நாட்பட்ட சப்டியூரல் ரத்தக்கட்டு' என்ற பெயர் நிலைத்தது.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கசிந்தது கொஞ்சம்தான் என்றால், வாரக்கணக்கில் அது ஏன் வளர்கிறது? 1930களில் கார்ட்னர் சொன்ன பதில் கேட்க அழகாக இருந்தது. பழைய ரத்தம் உடைந்து கெட்டியான கரைசலாகிறது, சவ்வு வழியாகச் சுற்றியுள்ள நீரை உறிஞ்சிக்கொள்கிறது, உப்பில் போட்ட மாங்காய் நீர் விடுவது போல. பாடப்புத்தகங்கள் இதைப் பல பதிற்றாண்டுகள் சொல்லிக்கொடுத்தன. 1971ல் கனடாவின் பிரைஸ் வியர் அந்தத் திரவத்தை எடுத்து அளந்து பார்த்தார். அதன் அடர்த்தி ரத்தத்தின் அடர்த்திக்குச் சமமாகவே இருந்தது. உறிஞ்ச அங்கே எதுவும் இல்லை.

இன்றைய புரிதல் விசித்திரமான முறையில் விர்ஷோவிடம் பாதி தூரம் திரும்பிப் போகிறது. அடிபட்டால் கசிவு ஏற்படுகிறது, டிராட்டர் சொன்னது சரி. அந்தக் கசிவைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வைக் கட்டுகிறது. சவ்வில் அவசர அவசரமாகப் புது நாளங்கள் முளைக்கின்றன. சரியாகக் கட்டப்படாத சுவர் மாதிரி அவை ஒழுகுகின்றன. ஒழுகிய ரத்தம் உறைவதற்குள் அதைக் கரைக்கும் வேதிப்பொருள்களும் அங்கேயே சுரக்கின்றன. அதனால் கசிவு நிற்பதில்லை, கசிவு அழற்சியைத் தூண்டுகிறது, அழற்சி இன்னும் நாளங்களை வளர்க்கிறது. அழற்சி முதல் காரணம் இல்லை, ஆனால் நோயை உயிரோடு வைத்திருப்பது அதுதான்.

நோய் ஏன் திரும்பி வருகிறது என்பதற்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஆபரேஷன் ரத்தத்தை எடுக்கிறது. ரத்தத்தை உண்டாக்கிய தொழிற்சாலை உள்ளேயே இருக்கிறது.

4

மெட்ராஸுக்கு மூளை அறுவை சிகிச்சை வந்த கதை இதற்கு அவசியம். சீர்காழியில் பிறந்த பி. ராமமூர்த்தி, இங்கிலாந்தின் நியூகாசிலில், தலைக்காயத்தில் பேர் பெற்ற ரோபாத்தமிடம் பயிற்சி பெற்று, 1950ல் மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் மூளை அறுவைத் துறையைத் தொடங்கினார். அதற்கு ஒரு வருஷம் முன்பு வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி நாட்டிலேயே முதலாவதாகத் தொடங்கியிருந்தார். 1951ல் இவர்கள் இருவரும் நரம்பியல் மருத்துவர்கள் நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரோடு சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை மெட்ராஸில் நிறுவினார்கள். ஆசியாவின் முதல் பெண் மூளை அறுவை நிபுணர்களில் ஒருவரான டி.எஸ். கனகாவும் இந்த ஜெனரல் ஆஸ்பத்திரியில் உருவானவர்தான். வடசென்னைக்காரர் தலையில் அடிபட்டால் பீச் ஸ்டேஷன் தாண்டி சென்ட்ரல் எதிரே இருக்கும் 'ஜி.ஹெச்'சுக்கு ஓடும் வழக்கம் இப்படித்தான் வந்தது.

அந்தக் காலத்தில் மண்டைக்குள் இருப்பதைப் பார்ப்பது எப்படி? எக்ஸ்ரேயில் ஓடு தெரியும், ரத்தம் தெரியாது. நடுவில் சுண்ணாம்பு படிந்த பீனியல் சுரப்பி ஒரு பக்கம் தள்ளியிருந்தால், எதிர்ப்பக்கத்தில் ஏதோ அழுத்துகிறது என்று ஊகிக்கலாம். இல்லையென்றால் கழுத்துத் தமனியில் நேராக ஊசி போட்டு, சாயம் செலுத்தி, படம் எடுக்க வேண்டும். 1927ல் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் கண்டுபிடித்த முறை. மூளையின் நாளங்கள் ஓட்டை விட்டு விலகி, நடுவில் வெறும் இடம் தெரிந்தால் அங்கே ரத்தக்கட்டு. அதுவும் முடியாத அவசரத்தில், சந்தேகப்படும் இடங்களில் துளை போட்டுப் பார்ப்பார்கள்.

1971 அக்டோபரில் லண்டன் விம்பிள்டனில் உள்ள ஆஸ்பத்திரியில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியைப் படம் எடுத்தது. எல்லாம் சுலபமாகிவிட்டது என்று நினைப்போம். ஆனால் இந்த நோய் ஸ்கேனையும் ஏமாற்றும். புது ரத்தம் படத்தில் வெள்ளையாகத் தெரியும், மாதக்கணக்கான ரத்தம் கறுப்பாகத் தெரியும். நடுவில், இரண்டு மூன்று வாரத்தில், அது மூளையின் அதே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் கட்டியைப் பார்க்க முடியாது, அது மூளையைத் தள்ளியிருப்பதை மட்டும்தான் பார்க்க முடியும். அவசரமாகப் பார்த்தால் கண் தவறவிடும்.

5

தேரையர் கதை நமக்குத் தெரியும். ராஜாவுக்குத் தீராத தலைவலி. அகத்தியர் மண்டையைத் திறக்கிறார், மூளையின் மேல் ஒரு தேரை உட்கார்ந்திருக்கிறது. பிடுங்கினால் மூளை சிதைந்துவிடும். சீடன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து காட்ட, தேரை தண்ணீருக்குத் தாவிவிடுகிறது. சீடனுக்குத் தேரையர் என்று பெயர் வருகிறது. கதை அங்கே முடிந்துவிடும். மூன்று மாசம் கழித்து ராஜாவுக்குத் தலைவலி திரும்ப வந்ததா என்று யாரும் சொல்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி அறுவை மருத்துவர்கள், தேரை திரும்ப வரக்கூடாது என்றால் அது உட்கார்ந்த இடத்தையே பெயர்த்தெடுக்க வேண்டும் என்று நினைத்தார்கள். ஓட்டைப் பெரிதாகத் திறந்து, சவ்வை உரித்து எடுப்பார்கள். தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் இந்த நோய்க்காரர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். பெரிய ஆபரேஷனை உடம்பு தாங்கவில்லை, உரித்த இடமே புதிதாகக் கசிந்தது. 1964ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து ஸ்வீனும் கெலெட்டியும் தங்கள் நோயாளிகளை ஒப்பிட்டு எழுதினார்கள்: சின்னத் துளை போட்டுத் திரவத்தை மட்டும் வெளியேற்றியவர்கள், சவ்வை உரித்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள். அதன் பிறகு ஐம்பது பைசா நாணயம் அளவுக்கு ஒன்றிரண்டு துளை போடும் 'பர் ஹோல்' முறை உலகம் முழுக்கப் பரவியது.

துளை போட்டு ரத்தத்தை எடுத்தாச்சு. அழுந்திக் கிடந்த மூளை உடனே பொங்கி எழுந்து ஓட்டைத் தொடாது. வயதான மூளை மெதுவாகத்தான் விரியும். நடுவில் ஒரு காலி இடம், கொஞ்சம் காற்று, சவ்வின் ஒழுகும் நாளங்கள். காலி இடம் இருந்தால் எதாவது வந்து நிறையும். அதனால் ஆபரேஷன் முடிந்ததும் அங்கே ஒரு மெல்லிய ட்யூபை விட்டுவிட்டு, கட்டிலுக்குக் கீழே பையைத் தொங்கவிட்டு, இரண்டு நாள் மிச்சத்தை வடிய விடலாமே என்று சிலர் செய்தார்கள். வேறு சிலர், ட்யூப் வழியாகக் கிருமி போகும், மூளையைக் குத்தும் என்று பயந்து செய்யவில்லை. இரண்டு தரப்பும் தங்கள் அனுபவத்தைச் சொன்னது.

கேம்பிரிட்ஜில் சந்தாரியஸும் சகாக்களும் 2004 முதல் 2007 வரை இதைச் சோதித்தார்கள். 215 நோயாளிகள், பாதிப்பேருக்கு ட்யூப், பாதிப்பேருக்கு இல்லை, யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. 2009ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. ட்யூப் இல்லாதவர்களில் 24 சதவீதம் பேருக்கு ரத்தம் திரும்ப வந்து மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. ட்யூப் வைத்தவர்களில் 9.3 சதவீதம். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 18.1 சதவீதத்திலிருந்து 8.6 ஆகக் குறைந்தார்கள். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டுவதற்கு முன்பே ஆய்வை நிறுத்திவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஒரு ட்யூப், ஒரு பை, 48 மணி நேரம், பூமியின் ஈர்ப்பு விசை. எந்தக் கம்பெனியின் காப்புரிமையும் இல்லாத வைத்தியம். அரசு ஆஸ்பத்திரியில் ஏழைக்கு இதைச் செய்ய யாரிடமும் நிதி கேட்க வேண்டியதில்லை.

6

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் சில எதிர்பார்ப்பைக் கவிழ்த்தன.

அழற்சிதான் நோயை வளர்க்கிறது என்றால் ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கிவிடும் அல்லவா? பிரிட்டனில் 748 பேரிடம் டெக்ஸாமெத்தசோனைச் சோதித்தார்கள். 2020ல் முடிவு வந்தது. மறு ஆபரேஷன் 7.1 சதவீதத்திலிருந்து 1.7 ஆக விழுந்தது. அதை மட்டும் பார்த்தால் கொண்டாட்டம்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணினார்கள். ஸ்டீராய்டு இல்லாதவர்களில் 90.3 சதவீதம், ஸ்டீராய்டு வாங்கியவர்களில் 83.9. சர்க்கரை ஏறியது, தொற்று வந்தது, மனம் குழம்பியது. ரத்தம் திரும்பி வரவில்லை, ஆள் திரும்பி வரவில்லை. எதைத் தடுக்கிறோம், யாருக்காகத் தடுக்கிறோம் என்ற கேள்வியை இதைவிட நேராக எந்த ஆய்வும் கேட்டதில்லை.

ஆபரேஷனின்போது இளஞ்சூடான சலைனால் உள்ளே கழுவுவது வீண்வேலையா என்று ஃபின்லாந்தில் 589 பேரிடம் பார்த்தார்கள். 2024ல் வெளியானது. கழுவாதவர்களில் 18.3 சதவீதம், கழுவியவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு மறு ஆபரேஷன். பழைய பழக்கம் பிழைத்துக்கொண்டது. தேரையரின் தண்ணீர்ப் பாத்திரம் ஞாபகம் வந்தால் தப்பில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு தலையைத் தூக்காமல் மல்லாக்கப் படுக்க வைத்தால் மூளை நன்றாக விரியும் என்று பல இடங்களில் இரண்டு நாள் அசையவிடாமல் வைப்பார்கள். போர்ச்சுகலில் அதைச் சோதித்தபோது, சீக்கிரம் உட்கார வைத்து நடக்கவிட்டவர்களுக்கு நிமோனியா போன்ற சிக்கல்கள் குறைந்தன. ரத்தம் திரும்பி வருவது கூடவில்லை.

இப்போதைய புதுப் பேச்சு எம்போலைசேஷன். சவ்வுக்கு ரத்தம் கொடுப்பது டியூராவின் நடுத் தமனி. தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் விட்டு அங்கே போய் அதை அடைத்துவிட்டால் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் நின்றுவிடும். 2000ல் ஜப்பானில், திரும்பத் திரும்ப ரத்தம் வந்த ஒரு நோயாளிக்கு மந்தாயும் சகாக்களும் செய்து காட்டியது. 2024ல் அமெரிக்காவின் பெரிய ஆய்வில், ஆபரேஷனோடு இதையும் செய்தவர்களில் 4.1 சதவீதம், செய்யாதவர்களில் 11.3 சதவீதம் பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. அதே வருஷம் சீனாவில் 722 பேரிடம் செய்த ஆய்வில் வித்தியாசம் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. யாருக்கு இது அவசியம் என்ற வாதம் நடந்துகொண்டிருக்கிறது. இதற்குக் கேத் லேப் வேண்டும், பயிற்சி பெற்ற கை வேண்டும், விலை உயர்ந்த பசை வேண்டும். ட்யூப் மாதிரி எல்லா ஊரிலும் உடனே கிடைக்கிற விஷயம் இல்லை.

7

தமிழ்நாட்டில் சாலை விபத்துக்கு நல்ல ஏற்பாடுகள் வந்திருக்கின்றன. 2008லிருந்து 108 வண்டி ஓடுகிறது. 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது. விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக் ஓட்டுகிற ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் நாம் பேசுகிற நோய்க்கு அந்தக் கடிகாரம் பொருந்தாது. அது 48 மணி நேரத்தில் சத்தமே போடாது. மூன்றாவது வாரம் வரும், அப்போது அது விபத்தாகவே தெரியாது. ஆபரேஷன் முடிந்து ட்யூப் எடுத்து அனுப்பினாலும், திரும்பி வருவது பெரும்பாலும் அடுத்த மூன்று மாதத்துக்குள். அந்த மூன்று மாதமும் நோயாளி வார்டில் இருக்க மாட்டார். காசிமேட்டிலோ எர்ணாவூரிலோ ஒரு வீட்டில், திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இந்த நோயின் வரலாறு மருத்துவமனையை விட்டு வெளியே வருவது இங்கேதான்.

அங்கே பார்த்துக்கொள்வது டாக்டர் இல்லை. மகள், மருமகள், பேரன். டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கும். அதில் இருக்க வேண்டியது நாலு வரிதான். தலைவலி திரும்ப வந்தால், ஒரு பக்கம் கை கால் சோர்ந்தால், பேச்சு குழறினால், பகலெல்லாம் தூங்கினால், 'ஆபரேஷன்தான் பண்ணியாச்சே' என்று விடாமல் உடனே கூட்டிவர வேண்டும். ஏற்கெனவே சவ்வு முளைத்த மண்டையில் குடி இரண்டு வழியில் கெடுக்கும்: ரத்தம் உறைவதைக் கெடுக்கும், ஆளைத் திரும்பக் கீழே தள்ளும். வீட்டுக் குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பியும், ராத்திரி எரிகிற ஒரு சின்ன பல்பும் எந்த எம்போலைசேஷனுக்கும் குறைந்த வைத்தியம் இல்லை.

இதில் சிக்கலானது ரத்தம் இளக்கும் மாத்திரை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுவார்கள். மண்டையில் ரத்தம் வந்ததும் அதை நிறுத்துவார்கள். திரும்ப எப்போது ஆரம்பிப்பது? சீக்கிரம் ஆரம்பித்தால் மூளையில் கசியலாம், தாமதித்தால் இதயத்தில் அடைக்கலாம். எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு தேதி இதற்கு இல்லை. மூளை டாக்டரும் இதய டாக்டரும் பேசிக்கொண்டு ஒரு தேதியைச் சொல்ல வேண்டும், அதைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். சொல்லாமல் விட்டால் நடப்பது இரண்டு: தானே நிறுத்தியவர் என்றென்றைக்கும் நிறுத்திவிடுவார், அல்லது மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டி மறுநாளே வாங்கிப் போட்டுக்கொள்வார்.

இரண்டாவது ஆபரேஷன் என்பது ஆய்வுக் கட்டுரையில் ஒரு சதவீதப் புள்ளி. தினக்கூலி வீட்டில் அதற்கு வேறு கணக்கு. நோயாளியோடு ஆஸ்பத்திரி வராண்டாவில் படுக்கிற மகனின் பத்து நாள் கூலி, மீன் ஏலத்துக்குப் போகாத மருமகளின் வாரம், 'இன்னொரு தடவையா, வேணாம், வுட்டுடுங்க' என்று எழுபது வயசுக்காரர் சொல்லும் வாய்ப்பு. அந்த வாக்கியத்தைச் சொல்ல வைக்காமல் இருப்பதற்குத்தான் ட்யூப், கழுவும் சலைன், எழுதிக் கொடுத்த நாலு வரி எல்லாம்.

கஞ்சித்தொட்டியில் வரிசையில் நின்றவர்களுக்குப் பசி முகத்தில் தெரிந்தது, கேட்காமலே ஊற்ற முடிந்தது. இந்த நோயில் யாராவது கேட்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர் இரண்டு வாரமாக 'ஒரு மாதிரியா' இருந்தால், வயசைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "போன மாசம் எங்கியாவது வுழுந்தியா?"